வீடு பார்க்கச் செல்வது வேலையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்கள் பல இன்று இரு கரைகளில் வாழ்கின்றன. தாயும் தந்தையும் அச்சுவேலியில். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ. மகளுக்குப் பிள்ளைப்பேறு, மருமகனுக்கு இரவு வேலை, மகன் குடும்பத்தோடு தலயாத்திரை என்று ஏதேனும் நேர்ந்தால், "ஒருக்கால் வந்து வீட்டையும் பிள்ளையையும் நாயையும் பாருங்கோ அம்மா" என்று அழைப்பு வருகிறது. தாயும் புறப்படுகிறாள். இவ்வளவும் குடும்பக் காரியமே. ஆனால் விசா விண்ணப்பத்திலும் விமான நிலைய மேசையிலும் அது சட்டக் கேள்வியாக உருமாறுகிறது: இவள் விருந்தினளா, வேலையாளா?

இக்கேள்வியை அற்பமென ஒதுக்குதல் தகாது. 2022ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் பெண்ணொருவர் கனடாவுக்குச் செல்லும் வழியில் லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பிறர் வீட்டுப் பூனைகளைப் பராமரித்து, அதற்கு ஈடாக அவ்வீட்டில் தங்குவது அவர் வழக்கம். அவர் காசு பெறவில்லை. எனினும் இலவசத் தங்குமிடமே ஊதியம் என்று அதிகாரிகள் கொண்டனர்.

தம் தொழிலாளரின் கூலியைக் காக்க ஒவ்வோர் அரசுக்கும் உரிமையுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. அறிமுகமற்றவர் வீட்டைக் காத்து அங்கே தங்குவது ஒருவகைக் கொடுக்கல் வாங்கல் என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் பேரனைத் தாலாட்டும் அம்மம்மா எவருடைய கூலியைப் பறிக்கிறாள்? கனடாவின் குடிவரவு விதிகள், ஊதியமோ தரகோ பெறும் செயலையும், அந்நாட்டுத் தொழிற் சந்தையில் அந்நாட்டவரோடு நேரடியாகப் போட்டியிடும் செயலையுமே வேலை என வரையறுக்கின்றன. பிரித்தானியாவின் வழிகாட்டலும், கூலி வேலையாக அமையாதவரை, உறவினர் குழந்தையைக் குறுகிய காலம் பார்த்துக்கொள்வதை வருகைக்குள் அடக்குகிறது. ஆகவே சட்டத்தின் எழுத்து எமக்கு முற்றிலும் பகையன்று.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. கனடா 2011இல் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்குமெனச் சிறப்பு விசா ஒன்றை ஏற்படுத்தியது. 2022 முதல் ஒரு வருகையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அழைக்கும் பிள்ளைக்குப் போதிய வருமானமும், வருபவருக்கு 100,000 கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அக்கதவு திறவாது. எமது வழக்கிலோ அவர்களும் தாய்மாரே.

மேலும், திரும்பி வருவேன் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையிலேயே விழுகிறது. உத்தியோகத்தர் சம்பளப் பத்திரத்தைக் காட்டுவார். புகையிலையும் வெங்காயமும் பயிரிடும் கமக்காரன் எதைக் காட்டுவான்? அவனிடம் இருப்பவை காணி உறுதியும், தோட்டக் கிணறும், அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்த விதை வெங்காயமுமே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டதைக் கண்ட இனம் நாம். காகிதம் இல்லாதவன் படும் பாட்டை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த அச்சத்தைத் தரகர்கள் முதலாக்குகின்றனர். "பிள்ளை பார்க்கப் போகிறேன் என்று சொல்லாதே, ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொல்" என்பது அவர்கள் ஓதும் மந்திரம். இது ஆபத்தான மந்திரம். பொய்யுரைத்ததாகக் கண்டால் கனடா 5 ஆண்டுகளும், பிரித்தானியா 10 ஆண்டுகள் வரையும் நுழைவை மறுக்கலாம். பேரனின் முதற் பிறந்தநாளுக்கென்று சொன்ன பொய், அவன் பள்ளிப் பருவம் முழுவதையும் அம்மம்மாவின் கண்ணுக்கு மறைத்துவிடக் கூடும்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. வருகையாளர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை அந்நாட்டுத் தூதரகங்கள் தெளிந்த தமிழில் வெளியிடல் வேண்டும். காணி உறுதியையும் கமத்தொழிலையும் சம்பளப் பத்திரத்துக்கு நிகரான சான்றாக மதித்தல் வேண்டும். எமது சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாளேனும் கிராமச் சனசமூக நிலையங்களில் அமர்ந்து, விண்ணப்பங்களைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொடுத்தல் வேண்டும். முதலிரண்டும் பிறர் கையில் உள்ளவை. அவற்றுக்காக ஓயாது குரல் கொடுப்போம். மூன்றாவது எம் கையிலேயே உள்ளது. அதனை இன்றே தொடங்குவதற்கு எவருடைய விசாவும் வேண்டியதில்லை.