பஞ்ச்குலாவில் வென்ற கோப்பை

வாழப்பாடி மைதானத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020 பிப்ரவரியில் திறந்த மைதானம் அது. ஆத்தூரிலிருந்து சேலம் பஸ் ஏறினால் போகிற வழிதான். டிஎன்பிஎல் ஆட்டங்கள் அங்கே நடப்பதைப் பார்க்கும்போது, கிரிக்கெட் என்றாலே சேப்பாக்கம் என்று வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நெஞ்சு நிறைகிறது. இன்று சேலம் ஸ்பார்டன்ஸ் என்று நாம் கைதட்டும் அணி, முன்பு தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். 2016இல் முதல் டிஎன்பிஎல் கோப்பையை வென்றதும் அந்த அணிதான். அந்தக் கோப்பை இப்போது தூத்துக்குடிக்குச் சொந்தமா, நமக்கா என்று கேட்டு ஒரு பத்தி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் நடுவில் ஒரு வினாடி வினா வந்து மனதைக் கெடுத்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். “சென்னை அணி முதன்முதலில் டி20 லீக் கோப்பையை வென்ற ஆண்டு எது?” என்று கேள்வி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து “2007 சார்” என்றான்.

“தப்பு தம்பி. 2010.”

“பஞ்ச்குலாவுல ஜெயிச்சாங்க சார். எங்கப்பா சொல்லியிருக்காரு.”

“அதெல்லாம் கணக்குல வராது தம்பி, உக்காரு.”

பையன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம் ஊர்க் கோட்டையைப் பற்றி நான் எழுதியபோதெல்லாம், நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். இதுவும் அதே ரகம். அந்தப் பையன் சொன்னது முழுக்கச் சரி.

2007 மார்ச்சில் வெஸ்ட் இண்டீஸ் உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே இந்தியா வெளியேறியது நினைவிருக்கும். அடுத்த மாதமே ஜீ தொலைக்காட்சியின் சுபாஷ் சந்திரா, இந்தியன் கிரிக்கெட் லீக் என்று ஒன்றை அறிவித்தார். ஐசிஎல் என்று சுருக்கிச் சொன்னோம். கிரிக்கெட் வாரியத்திடம் ஒளிபரப்பு உரிமை கேட்டுக் கேட்டு அலுத்தவர், ஆட்டத்தையே தானே நடத்தலாம் என்று முடிவெடுத்தார். கபில்தேவ் நிர்வாகக் குழுவின் தலைமைக்கு வந்தார். வாரியம் சும்மா இருக்கவில்லை. தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவர் பொறுப்பிலிருந்து கபிலை நீக்கியது. 1983 கோப்பையைத் தூக்கிய கை என்றுகூடப் பார்க்கவில்லை. ஐசிஎல்லில் சேருகிறவர்களுக்கு வாரியத்தின் எந்தப் போட்டியிலும் இடமில்லை என்று அறிவித்தது. செப்டம்பரில் தன் சொந்த லீக்கான ஐபிஎல்லையும் அறிவித்தது. நாம் இன்று கொண்டாடும் ஐபிஎல் பிறக்க அவசரப்படுத்தியது ஐசிஎல்தான்.

வாரியத்தின் மைதானங்கள் எதுவும் கிடைக்காததால், 2007 நவம்பர் 30ஆம் தேதி ஹரியானாவின் பஞ்ச்குலாவில், மாநில அரசுக்குச் சொந்தமான தாவ் தேவி லால் மைதானத்தில் தொடங்கினார்கள். ஆறு அணிகள்: சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், மும்பை சாம்ப்ஸ், டெல்லி ஜெட்ஸ், சண்டிகர் லயன்ஸ், ஹைதராபாத் ஹீரோஸ், கொல்கத்தா டைகர்ஸ். மும்பைக்கு லாரா தலைவர். சென்னைக்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் லா தலைவர். இயான் ஹார்வியும் உண்டு. நம் ஆட்களில் ஹேமங் பதானி, 1999-2000 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்திய அணியில் இருந்த திருநாவுக்கரசு குமரன், கணபதி விக்னேஷ், ஆர். சதீஷ். பதானி யார் என்று இன்றைய பையன்களுக்குச் சொல்ல வேண்டும். 2001 மார்ச்சில் புனேயில் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒருநாள் சதம் அடித்த இடதுகைக்காரர். அந்த அணிக்கு எதிராகச் சதம் அடித்த தமிழ்நாட்டுப் பையன் என்று ஊரே பேசியது.

டிசம்பர் 16ஆம் தேதி இறுதிப் போட்டி. சண்டிகர் லயன்ஸை 12 ரன்னில் வென்று சென்னை கோப்பையை எடுத்தது. டிவியில் பார்த்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பையனின் அப்பாவும் அதில் ஒருவர். ஐபிஎல்லின் முதல் பந்து விழுந்தது அதற்கும் நான்கு மாதம் கழித்து, 2008 ஏப்ரல் 18இல். முதல் ஐபிஎல் இறுதியில் சென்னை ராஜஸ்தானிடம் தோற்றது. ஐபிஎல் கோப்பை கைக்கு வந்தது 2010இல். ஆக முதல் கோப்பை எது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

லீக் நிலைக்கவில்லை. இரண்டாவது போட்டியை ஹைதராபாத் வென்றது. 2008 நவம்பரில், பின்னர் வந்து சேர்ந்த லாகூர் பாத்ஷாஸ் வென்றது. அந்த மாதமே 26ஆம் தேதி மும்பைத் தாக்குதல். நடந்துகொண்டிருந்த தொடரை அப்படியே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஐசிஎல் எழவில்லை. சம்பள பாக்கி நிற்கிறது என்று வீரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். வங்கதேச வாரியம் ஐசிஎல்லில் சேர்ந்த தன் வீரர்கள் 13 பேருக்குப் பத்தாண்டுத் தடை போட்டது, பின்னர் விலக்கிக்கொண்டது. நம் வாரியம் 2009இல் மன்னிப்பு என்று அறிவித்தது. ஐசிஎல்லை விட்டு வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். ஆட வந்த இளைஞர்களுக்கு எதற்கு மன்னிப்பு?

திரும்பி வந்தவர்களைப் பாருங்கள். ஹைதராபாத் ஹீரோஸில் ஆடிய அம்பதி ராயுடுவுக்கு அப்போது 22 வயது. இந்திய அணிக்கு அவர் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது 2013இல். மும்பைக்கு மூன்று, சென்னைக்கு மூன்று என்று ஆறு ஐபிஎல் கோப்பைகளில் அவர் பங்கு உண்டு. அதே அணியின் ஸ்டூவர்ட் பின்னி 2014இல் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 4 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். மன்னிக்கப்பட்ட பதானி 2024இல் டெல்லி கேபிடல்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆட்களை ஏற்றுக்கொண்ட வாரியம் அவர்கள் ஆடிய ஆட்டங்களை மட்டும் ஏற்கவில்லை. அதிகாரபூர்வ டி20 கணக்கில் ஐசிஎல்லின் ஒரு ரன்கூடச் சேரவில்லை.

அந்த லீக்கில் சூதாட்டம் நடந்ததாகப் புகார் இருந்ததே, அதை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு நண்பர் கேட்டார். புகார் இருந்தது உண்மை. சண்டிகர் தலைவராக இருந்த கிறிஸ் கெயர்ன்ஸ் லண்டன் நீதிமன்றம் வரை போய், 2015இல் பொய்ச்சாட்சி வழக்கிலிருந்து விடுதலையானார். சரி, கறையே காரணம் என்றால் ஐபிஎல்லில் 2013இல் நடந்தது என்ன? அதன் தொடர்ச்சியாகச் சென்னையும் ராஜஸ்தானும் இரண்டாண்டு வெளியே உட்கார வேண்டியிருந்ததே. அந்த ஆண்டின் ரன்களை யாரும் அழிக்கவில்லை. அழிக்கவும் கூடாது.

இந்த விஷயத்தில் அமெரிக்க பேஸ்பால்காரர்களைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 1914, 1915 என்று இரண்டே பருவம் பெரிய லீக்காக ஆடிய பெடரல் லீக் என்று ஒன்று அங்கே இருந்தது. 1913இல் சின்ன லீக்காகத் தொடங்கி, பெரிய லீக்குகளின் வீரர்களைக் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்தது. பெரியவர்கள் மிரட்டினார்கள், வழக்கு நடந்தது, கடைசியில் பணம் கொடுத்துக் கலைத்தார்கள். சமரசத்தை ஏற்காத பால்டிமோர் அணி வழக்குத் தொடுத்து 1922இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஐசிஎல் கதையேதான். ஆனால் 1969இல் ஒரு பதிவுக் குழு உட்கார்ந்து, பெடரல் லீக்கும் பெரிய லீக்தான் என்று ஏற்று அதன் எண்களைச் சேர்த்தது. அந்த லீக்கின் சிகாகோ அணிக்காக 1914இல் கட்டிய மைதானம்தான் இன்றும் ஆட்டம் நடக்கும் ரிக்லி பீல்ட்.

அதைவிடப் பெரியது கறுப்பினத்தவர் லீக்குகளின் கதை. நிறத்தைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் 1920 முதல் தங்களுக்கென்று லீக் நடத்தினார்கள். பல ஆட்டங்களின் கணக்கு, பழைய கறுப்பினப் பத்திரிகைகளின் மூலைகளில்தான் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அந்தத் தாள்களைப் புரட்டி ஒவ்வொரு ஆட்டமாகச் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் அவை பெரிய லீக்குகள் என்று அறிவிக்கப்பட்டன. 2024 மே மாதம் எண்களும் ஏறின. அந்த லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 372 அடி. நூறாண்டாக முதலிடத்தில் இருந்த டை காப் .367தான். ஒரே நாளில் பட்டியலின் உச்சியில் கிப்சன் பெயர். ஆனால் கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதிலேயே இறந்துவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய லீக்கில் கால் வைத்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் தண்ணீர் வற்றிய ஏரியில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். இரண்டு ஊருக்கும் சண்டை வந்து பாதியில் நின்றாலும், ஸ்கோர் நோட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டார். ‘தகராறு, ஆட்டம் நின்றது’ என்று கீழே எழுதி மூடுவார். அந்த நேர்மையைத்தான் வாரியத்திடம் கேட்கிறேன். ஐசிஎல் என்று தனியாகக் குறியிடட்டும், வாரியம் அப்போது ஏற்கவில்லை என்று அடிக்குறிப்பும் போடட்டும். எண்கள் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் தாள் தாளாகத் தேட வேண்டியிருந்தது. நமக்கு அந்தப் பாடு இல்லை. ஐசிஎல் ஆட்டங்கள் டிவியில் வந்தவை. ஸ்கோர் அட்டைகள் தேடினால் கிடைக்கின்றன. ஆடியவர்கள் இன்னும் நடுவயதில்தான் இருக்கிறார்கள். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுத எத்தனை நாள் ஆகும்? 2007 டிசம்பர் 16, பஞ்ச்குலா, சென்னை 12 ரன் வித்தியாசத்தில் வெற்றி. முதலில் அந்த ஒரு ஆட்டத்தைச் சேர்க்கட்டும். மற்றவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.