நெறிமுறையில் இடம்பெறாத கருணை

மைண்ட்ஃபுல்னஸ் (விழிப்புக் கவனம்) சார்ந்த அறிதல் சிகிச்சையான எம்பிசிடியை, பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸ் 2004 முதல் மனச்சோர்வு திரும்பாமல் தடுப்பதற்கே பரிந்துரைத்து வந்தது. 2022 ஜூனில் வந்த புதிய நெறிமுறை, கடுமை குறைந்த மனச்சோர்வுக்கான முதல்நிலைச் சிகிச்சைகளிலும் குழு மைண்ட்ஃபுல்னஸைச் சேர்த்துள்ளது. நோயாளி விரும்பினாலன்றி மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாக முன்வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் வரவேற்கிறோம்.

இந்தக் குழுச் சிகிச்சைக்கு நெறிமுறை வகுப்பது இது: வழக்கமாக 8 அமர்வுகள், 8 முதல் 15 பேர், 2 பயிற்றுநர்கள். அவர்களில் ஒருவருக்கேனும் உரிய பயிற்சியும் தேர்ச்சியும் வேண்டும். நிகழ்கணத்தில் கவனம், எண்ணத்தையும் உடலுணர்வையும் விலக்காமல் கவனித்தல், மூச்சுப் பயிற்சி என்று சிகிச்சை விவரிக்கப்படுகிறது. அந்த விவரிப்பில் கருணைக்கு இடமில்லை. பயிற்றுநர் தானே தியானம் செய்பவரா என்ற கேள்வியும் இல்லை.

இது சின்ன விடுபடல் அல்ல. ஆய்வாளர் கைக்கனின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வை நினைவுபடுத்துகிறோம். எம்பிசிடி முடித்தவர்களின் நிலை 15 மாதங்களுக்குப் பின் மேம்பட்டிருந்ததற்கு, மைண்ட்ஃபுல்னஸ் கூடியதோடு தன்மீதான கருணை வளர்ந்ததும் வழியாக இருந்தது. ஆனால் எம்பிசிடியில், தனக்கும் பிறருக்கும் நலம் விரும்பும் மைத்ரி தியானம் தனிப்பாடமாக இல்லை. எம்பிசிடியை உருவாக்கிய சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் தெரிந்தேதான் அதைச் சேர்க்கவில்லை. பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் தம் விசுத்திமக்கம் என்ற நூலில் மைத்ரியைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறார். மனச்சோர்வில் இருப்பவர் தடுக்கி விழுவதும் அங்கேதான். "நான் நலமாக இருக்க வேண்டும்" என்று மனதில் சொல்லிப் பார்க்கும்போதே தன்வெறுப்பு பொங்கி வருவதைக் குழு நடத்திய எவரும் கண்டிருப்பார். ஆகவே அந்த மூவரும், கருணை பாடத்தில் இல்லாமல் பயிற்றுநரிடம் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். அழுபவரிடம் அவர் காட்டும் பொறுமையில், "வீட்டுப் பயிற்சி செய்யவில்லை" என்பவருக்கு அவர் சொல்லும் பதிலில் அது தெரிய வேண்டும். பயிற்றுநரின் சொந்தப் பயிற்சியை எடுத்துவிட்டால் இந்தச் சிகிச்சையில் கருணை நுழைய வேறு வழியே கிடையாது.

நெறிமுறையை எழுதியவர்கள் இதை அறியாதவர்களா? பிரிட்டனின் பயிற்றுநர் சங்கமான பாம்பாவின் நெறிகள் தொடர்ந்த சொந்தப் பயிற்சியையும், ஆண்டுதோறும் ஆசிரியர் நடத்தும் மௌன முகாமையும் கேட்கின்றன. பயிற்றுநரின் திறனை அளக்கும் எம்பிஐ-டாக் மதிப்பீட்டின் 6 களங்களில் ஒன்று, பயிற்றுநர் மைண்ட்ஃபுல்னஸின் உருவாகவே நிற்கிறாரா என்று பார்ப்பது. இத்தனையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நெறிமுறை தேர்ச்சி என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. சேவைக்குப் பணம் ஒதுக்குவோர் அந்தச் சொல்லுக்கு மிக மலிவான பொருளைத்தான் எடுப்பார்கள். அமர்வுகளை எண்ணுவார்கள், மதிப்பெண் தாள்களைச் சேகரிப்பார்கள். முகாமுக்கு விடுப்புக் கேட்டால் அது உங்கள் தனிப்பட்ட ஆன்மீக விருப்பம் என்பார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணரின் கைப்பயிற்சியைத் தனிப்பட்ட விருப்பம் என்று எவரும் சொல்வதில்லை.

பயிற்றுநர்களே, புதிய குழுக்களை நடத்தும் பொறுப்பு உங்களிடம்தான் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சொந்தப் பயிற்சிக்கான நேரத்தையும் ஆண்டு முகாமுக்கான விடுப்பையும் செலவையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்தக் குழுவை ஏற்காதீர்கள்.