வண்டி ஏறும் முன் கார்டுக்கும் ஒரு பூட்டு

ஞாயிறு மாலை ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் போனால் பார்க்கலாம். சென்னைப் பக்கம், பெங்களூரு பக்கம், சேலம் பக்கம் என விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள் பிளாட்பாரம் முழுக்க நிற்பார்கள். தோளில் பை, கையில் வீட்டுச் சாப்பாடு, மொபைல் கவருக்குப் பின்னால் சொருகிய ஏடிஎம் கார்டு.

அந்தக் கார்டு பல நேரம் பிள்ளையுடையது அல்ல. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவுடையது. மாதச் சம்பளம், சீட்டு கட்ட வேண்டிய பணம், அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான் கிடக்கும். "அவசரத்துக்கு வெச்சுக்கோப்பா" என்று கார்டையும் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெற்ற பிள்ளைதானே, இதில் என்ன தப்பு?

பெங்களூருவில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால் தப்பு எங்கே என்று புரியும்.

2013 நவம்பர். மாரத்தஹள்ளியில் ஒரு பெண் பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தார். 25,000 ரூபாய் தேவைப்பட்டது. கணவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து அனுப்பினார். மெஷினிலிருந்து ரசீது வந்தது, பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் 25,000 குறைந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று வங்கி கைவிரித்தது. அவர் விடவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார், சிசிடிவி பதிவையும் கேட்டு வாங்கினார். அந்தப் பதிவில் மெஷின் முன்னால் நிற்பது கணவர். வங்கி அதையே பிடித்துக்கொண்டது. கார்டுக்கு உரியவர் அங்கே இல்லை, பின் நம்பரை இன்னொருவருக்குச் சொன்னதே விதிமீறல் என்று வாதாடியது. 2018-ல் மன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வர முடியாவிட்டால் செல்ஃப் காசோலையோ அங்கீகாரக் கடிதமோ கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்றும் கேட்டது.

பச்சை உடம்போடு இருப்பவர் வேறு என்னதான் செய்வார் என்று கோபம் வருகிறதா? நியாயமான கோபம்தான். ஆனால் கட்டிய கணவருக்கே இந்தக் கதி என்றால், விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் தனிச் சலுகை கிடைக்குமா?

ஆகவே முதல் வேலை, பிள்ளையின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் பிள்ளையின் மொபைல் நம்பர்தான் இருக்க வேண்டும். அப்பாவின் நம்பர் இருந்தால் என்ன ஆகும் என்பதை ரயிலில் போகிறவர்கள் தினமும் கேட்கிறார்கள். "அப்பா, ஓடிபி வந்துச்சா? நாலு, ஏழு, ஒண்ணு..." என்று பெட்டிக்கே கேட்கும்படி கத்துவார்கள். அந்தக் கணக்கில் வாரச் செலவுக்கு மட்டும் போட்டுவிட்டால் போதும். தீர்ந்தால் அம்மா வீட்டிலிருந்தே யுபிஐயில் அனுப்பிவிடலாம். கார்டு தொலைந்தாலும் போவது அந்த வாரப் பணம்தான், செமஸ்டர் ஃபீஸ் அல்ல.

அடுத்தது பூட்டு. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டு கைக்கு வரும்போது நம் நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்தும் வசதி இவற்றையெல்லாம் கார்டுக்காரர்தான் திறந்துவிட வேண்டும். தேவையில்லாதபோது மூடவும், எவ்வளவு வரை எடுக்கலாம் என்று வரம்பு வைக்கவும் வங்கி ஆப்பிலேயே வழி இருக்கிறது. தட்டிச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே போகலாம் என்பதால், ராத்திரி வண்டியில் தூங்கப்போகும் முன் அதை அணைத்துவைப்பது நல்லது. ஒரு நிமிட வேலை.

ஏடிஎம் கணக்கு ஒன்றும் இங்கே பலருக்குத் தெரியாது. வேறு வங்கி மெஷினை ஜோலார்பேட்டையில் மாதம் 5 முறை இலவசமாகப் பயன்படுத்தலாம். சென்னை, பெங்களூரு மெஷின்களில் 3 முறைதான். பேலன்ஸ் பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும். தாண்டினால் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை கட்டணம், அதற்கு மேல் வரி. விடுதி வாசலில் இருக்கும் ஏடிஎம்மில் 200, 300 என்று எடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

கிரெடிட் கார்டு கதையே வேறு. கல்லூரி முடிக்கும் முன்பே சிலர் வாங்கிவிடுகிறார்கள். பில் 10,000 வந்தால், குறைந்தபட்சம் 500 கட்டினால் போதும் என்று காட்டும். கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், மாதம் 3.5 சதவீத வட்டி என வைத்துக்கொண்டால்கூட, மீதி 9,500-க்கு வட்டி 332 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 60. ஆக, 500 கட்டியும் கடன் குறைந்தது 108 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அந்தக் கார்டில் ஏடிஎம் பணம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனி. அப்பா தன் கார்டில் பிள்ளைக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கித் தரலாம். அப்போது பில் அப்பா தலையில் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏடிஎம்முக்குள் "நான் எடுத்துத் தரட்டுமா" என்று வரும் முகம் தெரியாத ஆளிடம் மட்டும் கார்டைக் கொடுக்கவே கூடாது. பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு, அதே வங்கியின் வேறு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் வேலை சம்பள நாளில்தான் அதிகம் நடக்கும். பணம் எடுத்து வெளியே வந்ததும் கார்டில் உள்ள பெயரை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-ல் வந்த விதி. கார்டுக்காரர், வங்கி இருவர் மேலும் தப்பில்லாமல் வேறு எவரோ திருடியிருந்தால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை என்கிறது 2017 விதி. நாமே பின் நம்பரையோ ஓடிபியையோ சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் நம் கணக்கில்தான். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் முதலில் கார்டை முடக்க வேண்டும், பிறகு 1930-ஐ அழைக்க வேண்டும், அழுகையெல்லாம் அப்புறம்.

பையோடு மொபைலும் போய்விட்டால்? வங்கியின் கட்டணமில்லா எண்ணும் கார்டின் கடைசி நாலு இலக்கமும் ஒரு நோட்டில் இருக்கட்டும், அதே இரண்டும் அம்மாவின் போனிலும் இருக்கட்டும். அப்போது பக்கத்து சீட்காரரின் போனை ஒரு நிமிடம் வாங்கி வீட்டுக்குப் பேசினாலே, ரயில் காட்பாடி போய்ச் சேருவதற்குள் கார்டை முடக்கச் சொல்லிவிடலாம்.