வயர் மவுஸ் பழசா?

சித்தன்னவாசல் போகும் சாலையில் என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், இ-சேவை விண்ணப்பம், சாயங்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு என்று பதினாறு வருடமாக ஓடுகிறது. அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, ஏழடிப்பட்டக் குகைக்கும் ஏறி இறங்கி வரும் வெளியூர்க்காரர்கள் சிலர் பிரிண்ட் எடுக்க உள்ளே வருவார்கள். மேசையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "என்னக்கா, இன்னுமா வயர் மவுஸ் வச்சிருக்கீங்க?"

அவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பிக் காசைப் போடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து ஊரில் மகளிர் குழுக் கடன் வாங்கிப் புதிதாக மையம் தொடங்கும் ஒரு தங்கச்சி போன மாதம் விலைப்பட்டியலோடு வந்தாள். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்துக்கும் வயர்லெஸ் மவுஸ், வயர்லெஸ் கீபோர்டு. "வயர் எல்லாம் பழசாம்க்கா. சீக்கிரம் அறுந்துபோகுமாம். இதுல ஒரு தொல்லையும் இல்லையாம், செல் மட்டும் எப்பவாவது மாத்தினாப் போதுமாம்" என்றாள். கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அதில் ஒவ்வொன்றையும் அவளுக்குப் பிரித்துச் சொல்ல ஒரு மத்தியானம் ஆனது.

முதலில், பழசு என்ற பேச்சு. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்னப் பெட்டியை மேசையில் நகர்த்தி, திரையில் புள்ளி நகர்வதை ஊருக்குக் காட்டினார். அதில் தொங்கிய வயர் வால் மாதிரி இருந்ததால் எலி என்ற பெயர் வந்தது. அந்தக் கணக்கில் வயர் பழசுதான். ஆனால் வயர்லெஸ் என்ன நேற்று வந்ததா? லாஜிடெக் நிறுவனம் ரேடியோவில் இயங்கும் மவுஸை 1991-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி போட்டது 2005-இல். அதற்கே இருபது வருடம் ஓடிவிட்டது.

வருடக் கணக்கைவிட எனக்கு முக்கியம் உள்ளே இருப்பது. இரண்டையும் ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அடியில் வெளிச்சம் அடித்து மேசையைப் படம் பிடிக்கும் சென்சார் இரண்டிலும் உண்டு. கிளிக் செய்தால் டிக்கென்று மடங்கும் சின்ன ஸ்விட்ச் இரண்டிலும் உண்டு. நடுச்சக்கரமும் அப்படித்தான். சென்சார் கண்டதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழி மட்டும் வேறு. ஒன்று செம்புக் கம்பியில் போகிறது, மற்றது காற்றில் போகிறது. இதில் எது நவீனம் என்று கேட்பதைவிட, நம் மேசைக்கு எந்த வழி சரி என்று கேட்பதுதான் பயன்படும்.

வயர் அறும் என்பது உண்மை, என் கடையிலும் அறுந்திருக்கிறது. ஆனால் எங்கே அறும் என்பதைப் பார்க்க வேண்டும். நடுவில் அறுவது அபூர்வம். மவுஸுக்குள் நுழைகிற கழுத்தில்தான், மடங்கி மடங்கி, ரப்பருக்குள் இருக்கும் கம்பி ஓயும். திரையில் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால் கழுத்தைப் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் சிவப்பு வெளிச்சம் அணைந்து எரிந்தால் அதுதான் இடம். கழுத்திலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டி, மேல் உறையைச் சீவினால் உள்ளே பெரும்பாலும் நான்கு கம்பிகள்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. சிவப்பிலும் கறுப்பிலும் மின்சாரம், வெள்ளையிலும் பச்சையிலும் தகவல். பழைய நுனிகள் இருந்த இடத்தில் நிறம் பார்த்து சாலிடர் வைத்தால் மவுஸ் திரும்ப ஓடும். என்னிடம் படித்த பிளஸ் டூ பையன் கால் மணி நேரத்தில் செய்துவிடுவான். இப்படி மூன்று தடவை வால் குறுகிய மவுஸ் ஒன்று இன்னும் என் கவுண்டரில் வேலை செய்கிறது.

வயர்லெஸ் மவுஸில் அறுவதற்கு வயர் இல்லை, சரி. கம்ப்யூட்டரில் செருகும் அதன் ரிசீவர் விரல்நகம் அளவு. பெருக்கும்போது போய்விட்டால் போனதுதான். லாஜிடெக்கின் யூனிஃபையிங் மாதிரியான சில வகைகளில் வேறு ரிசீவரை வாங்கிச் சேர்த்துக்கொள்ள முடியும். மலிவு விலை மவுஸ்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. ரிசீவர் தொலைந்தால் நல்ல மவுஸையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். ஒரே அறையில் ஒரே மாதிரி ஐந்து செட் வைத்தால் இன்னொரு சிக்கல். பிள்ளைகள் மேசை துடைத்து அடுக்கும்போது மவுஸ்கள் இடம் மாறிவிடும். இவள் நகர்த்த அவன் திரையில் அம்பு ஓடும். எந்த மவுஸ் எந்த ரிசீவருக்கு என்று மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

வயரை எலி கடிக்குமே என்று கேட்டாள். கடிக்கும். இரவில் கீபோர்டை மேசை மேல் ஏற்றி வயரைச் சுருட்டி வைத்தால் போதும், நான் அதைத்தான் செய்கிறேன்.

வேகத்தில் மட்டும் வயர்லெஸ்காரர்கள் பேச்சு சரி. வயர்லெஸ் என்றாலே மந்தம் என்று வயர் பக்கம் நிற்பவர்கள் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாதாரண வயர் மவுஸ் விநாடிக்கு 125 தடவை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, தன் நகர்வைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விளையாட்டுக்கென்று விற்கும் நல்ல வயர்லெஸ் மவுஸ்கள் விநாடிக்கு 1000 தடவை சொல்கின்றன. வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் அடிக்கும் கைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஆனால் வேகம் வேறு, எழுத்து விழுவது வேறு. செல்லை மிச்சப்படுத்த வயர்லெஸ் கீபோர்டு சும்மா இருக்கும் நேரத்தில் தூங்கிவிடும். மலிவான சிலவற்றில் எழுப்பும் முதல் தட்டலே விழாது. செல் இறங்கினாலும், ரிசீவர் சிபியூவின் பின்பக்கம் இரும்புப் பெட்டிக்கு மறைவில் இருந்தாலும், நடுவில் ஓர் எழுத்து நழுவும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து போனால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். தமிழில் அப்படியில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் மெய் பெரும்பாலும் வலக்கையில், உயிர் இடக்கையில். 'கோ' வேண்டுமென்றால் க தட்டி ஓ தட்ட வேண்டும். அந்த ஓ நழுவினால் கோமதி கமதி ஆகிவிடுவாள். ஓர் ஆ நழுவினால் மாலா மலா ஆகிவிடுவாள். திரையில் அது பிழை மாதிரியே தெரியாது, ஏதோ ஒரு பெயர் மாதிரி இருக்கும். அப்படியே சான்றிதழ் வந்துவிட்டால், திருத்தத்துக்குக் கூலி வேலையை விட்டுவிட்டு இலுப்பூர் தாலுகா ஆபீசுக்கு நடப்பது அந்தப் பிள்ளையின் அம்மாதான்.

அதனால்தான் வகுப்பில் சேரும் பிள்ளைகளை முதல் வாரமே ஏழடிப்பட்டத்துக்குக் கூட்டிப் போவேன். வழுவழுவென்று தேய்ந்த பதினேழு கற்படுக்கைகள். அதில் ஒன்றில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி எழுத்து வெட்டியிருக்கிறது. யாரோ உளி பிடித்து ஒவ்வோர் எழுத்தாக இறக்கியதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், அடித்ததைத் திரும்பப் படிக்காமல் என்டர் தட்டுவதில்லை.

ஒரு தொல்லையும் இல்லை என்ற சொல்லுக்கு வருகிறேன். புளூடூத், பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ், வைஃபையில் ஒரு பகுதி எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில்தான் போகின்றன. அதோடு இன்னொன்று உண்டு. யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டில் தகவல் ஓடும்போது அந்தப் பாதையிலேயே இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. என் கடையில் நடந்ததும் அதுதான். நீல நிற 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி போட்டோக்களைக் காப்பி போடுவேன், பக்கத்தில் ரிசீவர் செருகிய மவுஸ் திக்கித் திக்கி நகரும். காப்பி முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு மவுஸ் மாற்றினேன். கடைசியில் ரிசீவரை ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வைத்த பிறகே நின்றது. இந்த விஷயம் தெரியாமல் நல்ல மவுஸைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வரும் நிலைமையையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. ஃபார்மட் போட வருகிற மெக்கானிக் தம்பி எப்போதும் பையில் ஒரு வயர் கீபோர்டைச் சுருட்டி வைத்திருப்பதன் காரணம் அதுதான்.

பாதுகாப்பைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. எனக்கு அதில்தான் கோபம் அதிகம். 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனத்து ஆய்வாளர்கள், பல பெரிய பிராண்டுகளின் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்களுக்கு வெளியிலிருந்தே தட்டல்களை அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். மவுஸ்ஜாக் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் ஜூலையில் வந்தது இன்னும் மோசம். எட்டு நிறுவனங்களின் மலிவு விலைக் கீபோர்டுகள், நாம் தட்டுவதைப் பூட்டுப் போடாமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்று கண்டுபிடித்தார்கள். சுமார் 75 மீட்டர் தள்ளி நின்று அதைப் படித்துவிடலாம் என்றார்கள். அந்தக் குறிப்பிட்ட ஓட்டை புளூடூத் கீபோர்டுகளிலும், தகவலைப் பூட்டி அனுப்பும் நல்ல கீபோர்டுகளிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சந்தையில் அடிமட்ட விலையில் கிடைக்கும் பெயர் தெரியாத செட்டில் பூட்டு இருக்கிறதா இல்லையா என்று பெட்டியைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

என் கடையில் நாள் முழுக்க நான் தட்டுவது ஊராருடைய ஆதார் எண், பேங்க் கணக்கு எண், போன் நம்பர். கடைக்கு வெளியே 75 மீட்டர் என்றால் டீக்கடை தாண்டி பஸ் ஸ்டாப் வரை. யாரும் அங்கே நின்று அப்படிச் செய்வார்கள் என்று நான் பயப்படவில்லை. ஆனால் என்னை நம்பித் தாளை நீட்டுகிறவர்களுடைய எண்ணை, வயரில் அனுப்ப முடியும்போது நான் ஏன் காற்றில் விட வேண்டும்?

எப்பவாவது செல் மாத்தினாப் போதும் என்பதற்கு மட்டும் அவளிடம் கணக்குச் சொல்லவில்லை, நடந்த ஒன்றைச் சொன்னேன். யாரோ பரிசாகக் கொடுத்தார்கள் என்று ஒரு வயர்லெஸ் செட்டைக் கவுண்டரில் வைத்திருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதியோர் ஓய்வூதியத்துக்காக ஓர் ஆத்தா பேரனுடைய போனை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருந்தார். ஓடிபி வந்துவிட்டது. அடிக்கப் போனால் கீபோர்டில் ஓர் எழுத்தும் விழவில்லை. செல்லைக் கழற்றினேன், கடித்தேன், மாற்றிப் போட்டேன். பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்துச் செல்லைப் பிடுங்கி உள்ளே போடுவதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னால் சர்வர் வரவில்லை. "என்ன தாயி, நம்பர் போயிருச்சா?" என்று கேட்டார். மறுநாள் திரும்ப நடந்து வந்தார். ஒரு செல்லின் விலை இருபது ரூபாய்தான். அந்த ஆத்தாவின் இரண்டாவது நடையை எந்தக் கணக்கில் எழுதுவது?

பள்ளி விடுமுறையில் இன்னொரு நஷ்டம் வரும். தகரக் கூரை அறையில் செல்லோடு பூட்டி வைத்த கீபோர்டை ஜூன் மாதம் திறந்து பார்த்தால், செல் ஒழுகி, ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லாக இருந்தால் பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துக் காயவைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங் அரித்துப்போயிருந்தால் அதோடு முடிந்தது. உபயோகிக்காத நாளில் செல்லைக் கழற்றி வையுங்கள், தீர்ந்த செல்லை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

அந்தத் தங்கச்சியின் பட்டியலில் ஐந்தையும் வயருக்கு மாற்றி எழுதினேன். மிச்சமான பணத்தில் ஒரு நல்ல யூ.பி.எஸ். சேர்க்கச் சொன்னேன்.

வயர்லெஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேப்டாப்போடு ஊர் ஊராகப் போகிறவருக்கு அது வசதி. வகுப்பில் நடந்துகொண்டே புரொஜக்டரில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் அதுதான் சரி. என் கையாலேயே வாங்கிக் கொடுத்தது ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பக்கவாதம் வந்து வலக்கை சரியாகத் தூக்க முடியாதவர். மேசைக்கு முன்னால் உட்கார அவரால் ஆகாது. கட்டிலில் சாய்ந்து, கீபோர்டை மடியில் வைத்து, இடக்கையாலேயே தமிழ்99-இல் ஊர்ப் பெயர்களையெல்லாம் தொகுத்து எழுதிக்கொண்டிருக்கிறார். அங்கே வயர் இருந்தால் ஒவ்வொரு தடவை புரண்டு படுக்கும்போதும் இழுக்கும். தகவலைப் பூட்டி அனுப்பும் கீபோர்டாகப் பார்த்து, கொஞ்சம் கூட விலை கொடுத்து வாங்கினேன். ரிசீவரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டிக் கட்டில் காலில் கட்டிவிட்டு வந்தேன். செல் போட்ட தேதியை அவர் வீட்டம்மா தினசரிக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், புது செல் இரண்டு அலமாரியில் தயாராக இருக்கிறது.