பாரம்பரியம் என்றால் நகலெடுப்பதா?

பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் எதைக் காப்பாற்றுவது? தாத்தா வரைந்த பூவையா, அந்தப் பூவை வரையத் தெரிந்த கையையா? ஜப்பானியப் பீங்கான் கலைஞர் பதினான்காம் இமைஸுமி இமாஎமொன் இந்தக் கேள்விக்குத் தன் வேலையாலேயே பதில் சொல்கிறார்.

அதென்ன 'பதினான்காம்'? ராஜா பட்டம் மாதிரிதான். இந்தக் குடும்பத்தில் தொழிலை ஏற்பவர் பெயரையும் சேர்த்தே ஏற்கிறார். 1962-ல் பிறந்த இவர், தந்தை 2001-ல் மறைந்த பிறகு, 2002-ல் இமாஎமொன் ஆனார்.

இவர்களுடைய ஊர் அரிடா. க்யூஷு தீவில், ஸாகா மாநிலத்தில் இருக்கிறது. ஜப்பானில் பீங்கான் தொழில் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேதான் வேர்விட்டது. தொடங்கி வைத்தவர்கள், கொரியப் போர்களின்போது கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்கள். இன்று 'சுத்தமான ஜப்பானியப் பாரம்பரியம்' என்று கொண்டாடப்படுவதே வெளியிலிருந்து வந்த ஒன்றுதான்!

அந்தப் பகுதியை ஆண்ட நபெஷிமா பிரபுக்கள் தங்களுக்கென்றே உயர்ந்த ரகப் பீங்கான் செய்ய வைத்தார்கள். நீலக் கோடுகளுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறைந்த தட்டுகள். அவை கடைக்கு வராது. ஷோகனுக்கும் மற்ற பிரபுக்களுக்கும் பரிசாகப் போகும். அவற்றுக்கு மேல்வண்ணம் தீட்டுவது மட்டும்தான் இமாஎமொன் குடும்பத்தின் வேலை.

1871-ல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்கு என்ன ஆகும் என்பது வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்ணம் மட்டுமே தெரிந்த குடும்பம், மண்ணைப் பிசைவதிலிருந்து சூளையில் சுடுவது வரை எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கியது. பத்தாம் இமாஎமொன் அன்று 'எங்கள் வழக்கம் இதுவல்ல' என்று சும்மா இருந்திருந்தால், இன்று காப்பாற்ற எதுவுமே மிஞ்சியிருக்காது.

பதின்மூன்றாமவர் மென்மையான சாம்பல் நிறப் பின்னணியைக் கொண்டுவந்தார். பதினான்காமவர் எடுத்துக்கொண்டது 'சுமிஹஜிகி' என்ற பழைய உத்தி. பீங்கானில் மையால் கோடு வரைந்து, அதன் மேல் நிறத்தைப் பூசுவார்கள். மையில் உள்ள பசை நிறத்தை ஒட்டவிடாது. சுடும்போது மை எரிந்துபோக, வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். பாத்திக் துணியில் மெழுகு செய்யும் அதே வேலைதான்.

பழைய நபெஷிமாவில் இது பெரும்பாலும் பின்னணியை நிரப்பப் பயன்பட்டது. இவர் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நீலத்திலும் கறுப்பிலும் வெள்ளைப் பனித்துகள்கள் நுணுக்கமாகப் படர்கின்றன. அவற்றின் நடுவே பழைய பாணிப் பூக்களும், வெள்ளி போலக் கறுத்துப்போகாத பிளாட்டினமும்! 2014-ல் ஜப்பான் அரசு இவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது.

'இதெல்லாம் நபெஷிமாவே அல்ல, கலப்படம்' என்று ஒருவர் வாதிடலாம். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. புதுமை என்ற பெயரில் அடிப்படையே தெரியாமல் செய்யப்படும் அரைகுறை வேலைகள் எல்லாத் துறையிலும் உண்டு. ஆனால் இங்கே மாறியது வடிவம் மட்டும்தான். கையின் பயிற்சி மாறவில்லை. சொல்லப்போனால், பழைய உத்தியை முழுதாகக் கற்ற ஒருவரால்தான் அதை இவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 300 வருடத்துக்கு முந்தைய தட்டை அப்படியே நகலெடுத்தால், அந்த நகல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசலோடுதான் போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் நகல் ஒருநாளும் ஜெயிக்காது. வாங்குபவர் குறைந்தால் கற்றுக்கொள்ள வருபவரும் குறைவார். கடைசியில் தட்டு இருக்கும், செய்யத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

வாழும் தேசியப் பொக்கிஷம் ஆனவர்களுக்கு ஜப்பான் அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறது. கலையை வளர்க்கவும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தரப்படும் பணம் அது. பழைய தட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதும் என்றால், அந்தப் பணத்துக்குத் தேவையே இல்லை. காப்பாற்ற வேண்டியது கைதான். கை உயிரோடு இருந்தால் பூவை எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.