தொடங்காத வேலைக்கும் நட்டம் உண்டு

ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம் தொடங்கும் முன்பே கைவிடப்பட்டால், 'வேலையே செய்யவில்லை, நட்டமும் இல்லை. அடுத்ததைப் பார்' என்பது பரவலான வாதம். செய்யாத வேலைக்கு முழுக் கூலி கேட்க முடியாது என்ற அளவில் அது நியாயம். அதற்கு மேல் இல்லை.

ஒன்று: நட்டம் உழைப்பில் மட்டுமா? இரண்டு மாத மொழிபெயர்ப்புக்கு நாள் ஒதுக்கியவர், அந்த நாட்களுக்கு வந்த மற்ற வேலைகளை மறுத்திருப்பார். அவை இப்போது வேறொருவர் கையில்.

இரண்டு: 'கையெழுத்தே ஆகவில்லையே?' இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 எல்லா ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துக் கேட்பதில்லை. தொகை, தேதி, வேலையளவு எழுதிய மின்னஞ்சலுக்கு 'சரி, ஒன்றாம் தேதி தொடங்குங்கள்' என்ற பதிலே ஒப்பந்தமாகலாம். மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கு 73ஆம் பிரிவு ஈடு தருகிறது. இழப்பைக் குறைக்க இருந்த வழியையும் அதே பிரிவு கணக்கில் எடுக்கிறது. மாற்று வேலை தேடி அனுப்பிய கடிதங்கள் அதனால்தான் சான்றாகின்றன. அடுத்ததைப் பார்ப்பது உரிமையை விட்டுக்கொடுப்பதா என்ன?

மூன்று: சிறு தொகைக்கு வழக்குக் கட்டுப்படியாகாது. உண்மைதான். அதற்குத்தான் முன்பணமும், ரத்துக் கட்டண விதியும். இரண்டையும் நாள் ஒதுக்குவதற்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.