மெல்ல மெல்லக் குறையும் தண்ணீர்



சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். “எடுத்துவிடலாம், ஆனால் பழைய வாகனம் ஒன்றை ஒரு பெண் தனியே வைத்துச் சமாளிக்க முடியுமா?” என்று சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதிலாக என் வானுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வாவியைக் கடந்தபோது என்னோடு இரண்டு பிள்ளைகளும் ஒரு பையும்தான். அவர் வரவில்லை. பல வருடம் கழித்து, சீட்டுக்காசும் கடனுமாக வாங்கியதுதான் இந்த டொல்பின் வான். காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி மண்முனைப் பாலத்தால் போய் வருவேன். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம்.

வான் முப்பது வருடப் பழசு. மாற்றவும் வழியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கோ போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

சித்திரை விடுமுறை முடிந்த கையோடு ரேடியேற்றரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு லீற்றர் அளவு. நிறுத்திய இடத்தில் ஈரமே இல்லை. வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றிக்கொண்டு ஓடினேன். அது என் பிழை. வாவியோரக் கிணறு, உவர்த்தண்ணீர். அது உலோகத்தை அரிக்கும். துருப்பிடிக்காமல் காக்கும் கூலன்றும் ஊற்ற ஊற்ற நீர்த்துப்போகும்.

ஒரு கராஜில் காட்டினேன். ஆசனத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஹெட் கேஸ்கற் போயிற்று அக்கா, எஞ்சினைக் கழற்றவேணும்” என்றார் தம்பி. சொன்ன தொகை என் இரண்டு மாத உழைப்பு. இன்னொருவர் மஞ்சள்தூள் போடச் சொன்னார். மஞ்சள் ஓட்டையை அடைக்கலாம்; ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

அன்றிரவு மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்தேன். தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர்ப் போத்தலின் மட்டத்தையும் முதல் நாள் ஓடிய தூரத்தையும் எழுதினேன். இரண்டு வாரத்தில் விஷயம் விளங்கியது. வான் நின்ற ஞாயிறுகளில் ஒரு சொட்டும் குறையவில்லை. கூடுதலாக ஓடிய நாளில் கூடுதலாகக் குறைந்தது. எஞ்சின் சூடாகி உள்ளே அமுக்கம் ஏறும்போது மட்டும் எங்கோ ஒழுகுகிறது!

முதலில் கேஸ்கற்றைப் பார்த்தேன். எஞ்சின் ஒயில் பால் கலந்ததுபோல் வெளுக்கவில்லை. புகை வெள்ளையாக வரவில்லை. குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்ராட் செய்தபோது குமிழி விடாமல் வரவுமில்லை. இதனால் கேஸ்கற் நல்லதென்று முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் கழற்றுவதற்கு முன் மற்ற இடங்களைப் பார்க்கலாம்.

ஆசனத்தைத் தூக்கி, ரோச் அடித்து, ஹோஸ் குழாய்கள், கிளிப்புகள், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தன. பிறகு பாயை விரித்து வானுக்குக் கீழே படுத்தேன். நடுப்பகுதியில் பின்பக்கம் போகும் இரும்புக் குழாயில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையும் பச்சையுமாய் ஒரு படிவு. கூலன்ற் ஒழுகிக் காய்ந்த அடையாளம் அதுதான்.

அது பின் ஆசனக்காரருக்குச் சூடு கொடுக்கும் ஹீற்றரின் குழாய். ஜப்பான் குளிருக்காகப் பூட்டியது. மட்டக்களப்பு வெயிலில் நமக்கு எதற்கு? ஒரு நாளும் பாவிக்காத அந்தக் குழாய்தான் துருப்பிடித்து, ஓடும்போது வீதியில் சொட்டியிருக்கிறது.

அதே கராஜுக்குப் போய்க் கொப்பியையும் குழாயையும் காட்டினேன். தம்பி திருப்புளியால் தட்டினார். குழாய் பொரிந்து விழுந்தது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸ் துண்டாலும் இரண்டு கிளிப்பாலும் இணைத்தார். உள்ளே கழுவி, புதுக் கூலன்ற் விட்டோம். எல்லாம் சேர்த்து ஒரு வார டீசல் காசுக்குள் முடிந்தது. “இனி வாற ஆக்களிட்டயும் எழுதிட்டு வரச் சொல்லப்போறன் அக்கா” என்றார்.

சகோதரிகளே, இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ற் இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளுக்கும், ஆடு, நாய்க்கும் எட்டாமல் வையுங்கள், சிந்தினால் உடனே கழுவுங்கள்.

கொப்பி இப்போதும் வானில்தான் இருக்கிறது. கடைசிப் பதிவு நேற்றுக் காலை: மட்டம் குறையவில்லை.

அடுத்த மாதம் பற்றரியைப் பற்றிப் பேசுவோம்.